மூன்று பெண் எலி போதும், தம்பி

கேள்வி: பெரியபட்டினம் பக்கம் இருக்கிறேன். 1,400 கிராம் எடையுள்ள பெண் பாம்பு ஒன்றும் (‘பால் பைத்தான்’, Ball python என்ற சிறு மலைப்பாம்பு வகை), 350 கிராம் அளவில் கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாப் பாம்பு இரண்டும் வளர்க்கிறேன். அவற்றுக்கு இரையாகச் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரும் ஐஸ் எலி (கொன்று உறைய வைத்த எலி), கைக்கு வரும்போது உருகி நாற்றமெடுத்துவிடுகிறது. அதனால் மார்ச்சில் 2 ஆண், 6 பெண் வெள்ளை எலி வாங்கி, மாடித் தகரக் கொட்டகையில் ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் விட்டேன். சோறு, கடலைப் பிண்ணாக்கு, கருவாடு போடுகிறேன். மூன்று ஈற்றுக் குட்டிகளையும் தாயே தின்றுவிட்டது. சித்திரைக் கடைசியில் இரண்டு பெண் எலிகள் செத்தன. நாற்றத்தால் வீட்டில் தினமும் பேச்சு. போன மாதம் உயிருள்ள எலியைப் போட்டதில் அது பைத்தானின் முதுகைக் கடித்துவிட்டது. அதிலிருந்து பாம்பு இரை எடுக்கவில்லை. எலியை உயிரோடு ஃப்ரீசரில் வைத்தால் தூக்கத்திலேயே போய்விடும் என்கிறார்களே, சரியா? முறையாக வளர்க்க வழி சொல்லுங்கள், டாக்டர்.

பதில்: தம்பி, ஃப்ரீசர் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தவறு. உயிருள்ள எலி ஃப்ரீசரில் தூங்கிப் போவதில்லை. உடல் சூட்டைக் காப்பாற்ற நெடுநேரம் போராடி, விறைத்து, வலியோடு சாகிறது. தண்ணீரில் அமுக்குவதும் அப்படித்தான். இரண்டையும் செய்யாதீர்கள். சரியான முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அடுத்தது கடிபட்ட பைத்தான். எலியின் வெட்டுப்பல் தசை வரைக்கும் இறங்கும். பாம்புக்குப் பசியில்லாத நேரத்தில் எலியை உள்ளே விட்டால், கொஞ்ச நேரத்தில் எலிதான் பாம்பைத் தின்னத் தொடங்கும். புண்ணை, போவிடோன் அயோடினைத் தண்ணீரில் இளந்தேநீர் நிறத்துக்குக் கலக்கி, தினம் ஒருமுறை துடையுங்கள். கூண்டில் தேங்காய் நாரோ மண்ணோ இருந்தால் எடுத்துவிட்டு வெறும் செய்தித்தாள் விரியுங்கள். பாம்பின் சீழ் நம்முடையதுபோல வடிந்து ஓடாது. தயிர்க்கட்டிபோல உள்ளேயே இறுகிக்கொள்ளும். வெளியே ஆறியதுபோலத் தெரிந்து அடியில் கட்டி தட்டுப்பட்டால், ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டி எடுக்க வேண்டும். இரை எடுக்காததற்குப் பயப்பட வேண்டாம். வளர்ந்த பால் பைத்தான் பல வாரம் பட்டினி தாங்கும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 1,400 கிராம் 1,260-க்குக் கீழே போனால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், காத்திருக்காதீர்கள்.

இனி எலிக்கு வருவோம். உங்கள் தொட்டியில் நடந்த பலவற்றுக்கும் முதல் வேர் இதுதான்: தேவையைக் கணக்கிடாமல் எலி வாங்கியது. கணக்கைப் பாருங்கள். 1,400 கிராம் பைத்தானுக்கு அதன் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம், அதாவது 80 முதல் 90 கிராம் எலி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு 26. கார்ன் ஸ்நேக் ஒவ்வொன்றுக்கும் 30 முதல் 35 கிராம் குட்டி, அதே இடைவெளியில். இரண்டுக்கும் சேர்த்து 52. ஆக மொத்தம் ஆண்டுக்கு 80-க்குள். ஒரு பெண் எலி ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 9 குட்டி போடும். மூன்று பெண், ஆளுக்கு மூன்று ஈற்று என்றால் 81. உங்கள் தேவை அவ்வளவே. ஆறு பெண்களை இரண்டு ஆணோடு சேர்த்தே வைத்திருந்தால் ஆண்டுக்கு 300 குட்டிக்கு மேல் வரும். அத்தனைக்கும் இடமும் தீனியும் கொடுக்க வீட்டில் யாராலும் முடியாது. முடியாதபோது தாய் குட்டியைத் தின்னும்.

ஒரு ஆண்டு முழுக்க மூன்று ஈற்றுதானா என்று கேட்பீர்கள். காரணம் நம் வெயில். எலிக்கு ஏற்ற சூடு 20 முதல் 26 டிகிரி செல்சியஸ். எலிக்கு வியர்க்காது, நாயைப்போல மூச்சிரைத்தும் சூட்டை விடத் தெரியாது. வால் வழியாகவும், எச்சிலை உடம்பில் பூசிக்கொண்டும்தான் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளும். கொட்டகைக்குள் 32 டிகிரியைத் தாண்டினாலே ஆண் எலியின் விந்து கெடத் தொடங்கும். புதிய விந்து முதிர்ந்து வர 52 நாள் ஆகும். எனவே வைகாசி வெயிலில் வாடிய ஆண், ஆடி மாதத்தில் பார்க்கக் கொழுகொழு என்று இருந்தாலும் சினை பிடிக்காமல் போகலாம். எலி மலடு என்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதீர்கள். நம் கடலோரத்துக்கு நான் சொல்லும் ஏற்பாடு: ஆகஸ்ட் பாதியில் சேர்க்கத் தொடங்கி மார்ச் கடைசியில் நிறுத்துங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை எலிகளை உயிரோடும் நலமாகவும் வைத்திருப்பதே வேலை.

உங்கள் இரண்டு எலிகள் செத்தது பெரும்பாலும் தகரக் கூரைச் சூட்டால்தான். எலிகளை இன்றே கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். வடக்குப் பார்த்த அறை நல்லது. வெளிக்கொட்டகைதான் வழி என்றால் பனை ஓலையோ தென்னங்கீற்றோ வேய்ந்து, இரண்டு பக்கமும் காற்றுப் போக விடுங்கள். இன்னொன்று கவனிக்க வேண்டும். ஈரச்சாக்குத் தொங்கவிடுவது, ஏர் கூலர் வைப்பதெல்லாம் உள்நாட்டு வறண்ட காற்றில் பலிக்கும். கடற்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் இடத்தில் ஈரச்சாக்கு காயாது, குளிர்ச்சியும் தராது. படுக்கையை ஈரமாக்கி நாற்றத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதில் எக்சாஸ்ட் ஃபேன் ஒன்று, பெட்டிக்குள் உடைந்த மண்பானையின் பெரிய ஓடோ தரை ஓடோ ஒன்று, நண்பகலில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று. எலி தட்டையாகப் படுத்து, வாயோரம் நனைந்து, வால் சிவந்திருந்தால் உடனே வாலையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்துக் காற்றில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது. தோலின் ரத்தக்குழாய் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும்.

பெட்டி 60 × 45 செ.மீ. தரையும் 30 செ.மீ. உயரமும் இருந்தால் ஒரு தாயும் குட்டிகளும் அல்லது மூன்று பெரிய எலிகள் இருக்கலாம். தரை கெட்டியாக இருக்கட்டும். கம்பித் தரையில் பாதம் புண்ணாகும், குட்டியின் கால் மாட்டும். பக்கங்களில் வலை வேண்டும். மூடிய பிளாஸ்டிக் தொட்டியில் மூத்திர ஆவி தேங்கி நிற்கும். சாதாரண ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) உப்புக்காற்றிலும் மூத்திரத்திலும் சீக்கிரம் துருப்பிடித்து, எலி கடித்து வெளியேறும். கொஞ்சம் கூடச் செலவானாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ் வலை வாங்குங்கள். கண்ணி 6 மி.மீ. போதும், பெரிய கண்ணியில் குட்டி நுழைந்துவிடும். உங்களுக்கு ஐந்து பெட்டி தேவைப்படும்: ஆண்களுக்கு ஒன்று, ஓய்விலும் இளஞ்சினையிலும் உள்ள பெண்களுக்கு ஒன்று, ஈன்ற தாய்க்கு ஒன்று, வளரும் ஆண் குட்டி, பெண் குட்டிகளுக்கு ஒவ்வொன்று. எலி கூட்டமாக வாழும் பிராணி; தாய் ஈன்றிருக்கும் நேரம் தவிர எதையும் தனியே அடைக்காதீர்கள். உங்கள் இரண்டு ஆணும் சேர்ந்தே இருக்கட்டும். ரத்தம் வரும் சண்டை நடந்தால் மட்டும் பிரித்து, பெட்டிகளை அருகருகே வையுங்கள்.

படுக்கைக்குத் தச்சுப்பட்டறையின் இழைப்புச் சீவல் நல்லது, பொடித்தூள் இல்லாமல் சலித்து எடுத்தால். பெயின்ட், பாலிஷ் பட்ட மரமும், கடும் வாசனை வரும் மரமும் வேண்டாம். மரத்தூளும் உமியும் தூசி. எலியின் நுரையீரல் ஏற்கெனவே பலவீனமானது. வளர்ப்பு எலிகளில் பலவற்றின் மூச்சுக்குழாயில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி அடங்கிக் கிடக்கும். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயை அரிக்கும்போது அது கிளம்பும். தும்மல், கொறகொறப்பு, கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்புக் கறை. அந்தச் சிவப்பு ரத்தமில்லை, நலம் கெட்டிருப்பதைக் காட்டும் கண்ணீர்ச் சுரப்பு. பெட்டியைத் திறந்ததும் உங்கள் மூக்கில் எரிச்சல் தெரிந்தால், மூத்திரத்துக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்து வாழும் எலிக்கு அது எப்போதோ அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். வாரம் இருமுறை படுக்கை மாற்றினால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டியிருக்காது.

தீனியில் நீங்கள் செய்தது மூன்று தவறு. சோற்றில் புரதம் மிகக் குறைவு. கருவாட்டில் உப்பு அதிகம். கடலைப் பிண்ணாக்கு நம் ஈரக்காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பிடித்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சேர்க்கும். அது ஈரலைக் கெடுக்கும். சினையும் பாலும் உள்ள எலிக்கு 20 சதவீதத்தை ஒட்டிய புரதம் வேண்டும். ஆய்வக எலிகளுக்கென்று விற்கும் பெல்லட் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. இரண்டு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்கிக் காற்றுப்புகாத டின்னில் வையுங்கள். முட்டைக்கோழித் தீவனம் மலிவு என்று போடாதீர்கள். முட்டை ஓட்டுக்காகச் சேர்த்த சுண்ணாம்புச் சத்து எலியின் சிறுநீரகத்துக்குப் பகை.

பெல்லட் கிடைக்காதபோது ஒரு கிலோ தீனிக்கு: கம்பு 400 கிராம், பொட்டுக்கடலை 250, சோயா உருண்டை 150, கேழ்வரகு 130, உப்பு போடாமல் காய வைத்த நெத்திலி 50, நல்லெண்ணெய் 20. இதில் 21 சதவீதத்தை ஒட்டிப் புரதம் இருக்கும். தானியமாகக் கலந்து கொட்டினால் எலி பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும். எல்லாவற்றையும் அரைத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அடையாகத் தட்டி, தோசைக்கல்லில் சிறுதீயில் மொறுமொறுப்பாக ஈரம் போகச் சுடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். ஒரு பெரிய எலிக்கு நாளைக்கு 15 முதல் 20 கிராம். பாலூட்டும் தாய்க்கு அளவு பார்க்காமல் போடுங்கள். கூடவே ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உவர்ப்புக் கிணற்று நீரைக் கொடுக்காதீர்கள். வீட்டில் நீங்கள் குடிக்கும் நீரையே கொடுங்கள். எலி 100 கிராம் எடைக்கு 10 மி.லி. குடிக்கும். பாலூட்டும் தாய்க்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போகும். நிப்பிள் பாட்டிலின் குண்டு உப்புப் படிந்து இறுகிக்கொள்ளும். பாட்டில் நிறைந்திருக்கும், எலி தாகத்தில் கிடக்கும். காலையும் மாலையும் விரலால் குண்டைத் தட்டி நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ராத்திரி தண்ணீர் நின்றால் போதும், தாய் குட்டிகளைத் தின்னும்.

தாய் குட்டியைத் தின்பது கொடுமைக்குணம் இல்லை. காப்பாற்ற முடியாது என்று அதன் உடல் முடிவெடுப்பதுதான். நெரிசல், புரதக் குறைவு, தாகம், வெயில், மேலே ஏறும் ஆண், அடிக்கடி திறந்து பார்க்கும் மனிதக் கை, இவற்றில் இரண்டு சேர்ந்தாலே நடக்கும். உங்கள் தொட்டியில் இவற்றில் பலவும் இருந்தன. முதல் ஈற்றுத் தாய் நல்ல இடத்திலும் ஒருமுறை தவறலாம். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாம் ஈற்றையும் தின்ற தாயை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

ஈற்று முறை இது. பெண் எலி 250 கிராம் எடையை எட்டி, மூன்று மாதம் ஆன பின்புதான் முதல் சேர்க்கை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அதனால் ஒரு ஆணோடு 10 நாள் விட்டால் போதும். பிறகு ஆணைக் கட்டாயம் பிரியுங்கள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள் பெண் மறுபடி சினை பிடிக்கும். ஒரு ஈற்றுக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்ததைச் சுமந்தால் தாயும் கெடும், குட்டியும் கெடும். சினைக்காலம் 21 முதல் 23 நாள். வயிறு இரு பக்கமும் புடைத்ததும் தனிப் பெட்டிக்கு மாற்றி, கிழித்த வெள்ளைத்தாள் இரண்டு கைப்பிடி போடுங்கள். நீளத் தேங்காய் நார் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றி இறுக்கும். ஈன்ற முதல் மூன்று நாள் தீனியும் தண்ணீரும் தவிர வேறெதற்கும் திறக்காதீர்கள். குட்டியின் வயிற்றில் தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பால் தெரிந்தால் தாய் பார்த்துக்கொள்கிறது என்று பொருள். ஒரு வாரம் கழித்துப் படுக்கை மாற்றும்போதும் பழைய கூட்டுத்தாளில் கொஞ்சம் விட்டுவையுங்கள். தன் வாசனை போனால் தாய் கலங்கும். தாய்க்கு 12 முலைக்காம்பு. அதற்கு மேல் குட்டி இருந்தால் சில மெலியும்.

பிறக்கும்போது 5, 6 கிராம். 14-ஆம் நாளை ஒட்டிக் கண் திறக்கும். 21-ஆம் நாள் பால் மறக்கும். 30 முதல் 50 கிராம் வரும். கார்ன் ஸ்நேக்குக்கு வேண்டிய அளவு அதுதான். ஐந்தாறு வாரத்தில் 80 கிராமைத் தாண்டும், பைத்தானுக்கு ஆயிற்று. ஆண் பெண் பிரிப்பது நான்காவது வாரத்துக்குள் முடியட்டும். ஐந்து வாரத்திலேயே அண்ணன் தங்கை சினையாகிவிடும். எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை பார்த்தால் பெண் குட்டிக்குக் காம்புப் புள்ளிகள் தெரியும், முடி வளர்ந்தால் மறைந்துவிடும்.

சேர்க்கை 10, சினை 22, பால் 23, ஓய்வு 20 என்று ஒரு சுற்று 75 நாள். மூன்று பெண்களையும் ஒரே நாளில் சேர்க்காமல் 25 நாள் இடைவெளி விடுங்கள். 25 நாளுக்கு ஒரு ஈற்று, 9 குட்டி. அதே 25 நாளில் உங்கள் பாம்புகளுக்கு ஐந்தாறு போகும். மீதி மூன்று ஃப்ரீசருக்கு. மார்ச் கடைசியில் 30 எலி சேர்ந்திருக்கும், எடை ஒன்றரைக் கிலோதான், கோடை முழுக்க அது போதும். ஐந்தாறு ஈற்று முடிந்த பெண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். ஆண்டுக்கொரு முறை வேறு இடத்து ஆண் ஒன்று வாங்கி, மூன்று வாரம் வேறு அறையில் வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள்.

உயிரெடுக்கும் முறை. வீட்டில் செய்யக்கூடியதில் ஏற்கத்தக்கது சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடு. மீன்தொட்டிச் செடி வளர்ப்போர் வைக்கும் சிலிண்டர் ஆகும். ஆனால் ரெகுலேட்டரோடு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் மீட்டர் இருக்க வேண்டும். பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் வாயு போகட்டும். 20 லிட்டர் பெட்டிக்கு 6 முதல் 14 லிட்டர், 9 வைத்துக்கொள்ளுங்கள். முன்பே வாயு நிரப்பிய பெட்டிக்குள் எலியைப் போட்டால் மூக்கும் கண்ணும் எரிந்து துடிக்கும். மெல்ல விட்டால் மயக்கம் முதலில் வரும். மூடியில் காற்று வெளியேற ஓட்டை வேண்டும். பழகிய படுக்கையோடு, ஒரே பெட்டி எலிகளை மட்டும், மற்ற எலிகளின் கண்ணில் படாமல் வையுங்கள். மூச்சு நின்ற பிறகும் இரண்டு நிமிடம் வாயு விட்டு, பத்து நிமிடம் மூடியே வைத்து, நெஞ்சில் துடிப்பில்லை என்று தொட்டு உறுதி செய்த பின்பே எடுங்கள். அறைக் கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும், அந்த வாயு உங்களுக்கும் ஆபத்து. சோடா உப்பும் வினிகரும் கலந்து வரும் வாயுவுக்கு அளவும் இல்லை, வேகமும் இல்லை. பத்து நாளுக்குட்பட்ட குட்டி காற்றில்லாமலும் நெடுநேரம் தாங்கும், இந்த முறை அதற்குப் பொருந்தாது. உங்கள் பாம்புகளுக்குப் பிங்கி (முடி முளைக்காத பச்சைக் குட்டி) தேவையே இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லை. முதல்முறை ஒரு கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுக்கட்டும்.

ஆறியதும் ஒவ்வொன்றாக ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, மூடி போட்ட டப்பாவில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். வீட்டு மீனோடு ஒட்டாமல் தனித் தட்டு. ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகைப் புயலில் மின்சாரம் போனால், காலியிடத்தில் உறைந்த தண்ணீர் பாட்டில்கள் இருந்தால் குளிர் நிற்கும். ஆனாலும் உருகி மெதுமெதுவென்று ஆன எலியை மறுபடி உறைய வைக்காதீர்கள், புதைத்துவிடுங்கள். இரை கொடுக்கும் முந்தைய இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் கவரோடு வெந்நீரில் வைத்து 38 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். பால் பைத்தான் சூட்டைப் பார்த்துத்தான் கொத்தும். தலைப் பக்கம் சூடாக இருக்க, நீண்ட இடுக்கியில் பிடித்து மாலை இருட்டில் காட்டுங்கள். புண் ஆறிய பிறகு, முதல் இரை 50 கிராமுக்கு மேல் வேண்டாம்.

எலி இருக்கும் இடத்துக்கு வேறு விருந்தாளி வரும், அதை நினைத்துத்தான் எனக்குக் கவலை. எலி மணத்துக்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் தேடி வரும். கதவின் அடி இடைவெளி, சாக்கடைத் துளை, சன்னல் எல்லாவற்றுக்கும் 6 மி.மீ. வலை அடியுங்கள். சிந்திய தீனி இரவில் கிடக்கக் கூடாது. வந்த பாம்பைப் பிடித்து வைக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்தால் 108, கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. வீட்டு எலி, பெருச்சாளி உள்ளே வந்தால் அதன் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி வரும். அதனால்தான் பொறியில் பிடித்த எலியையும் பாம்புக்குப் போடக் கூடாது. எலி மருந்து தின்றதாக இருந்தால் பாம்பும் சாகும். பெட்டி கழுவும்போது கையுறை போடுங்கள். எலி கடித்த பிறகோ பெட்டி கழுவிய பிறகோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலி வளர்ப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி. பால் பைத்தான் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள பாம்பு. 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குச் சட்டப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். பாம்பு எலியைப் பிடிப்பதை வேடிக்கைக்காக நடத்திப் படமெடுப்பது 1960 பிராணிவதைச் சட்டப்படி குற்றம்.

இப்போது செய்ய வேண்டியது: இன்றே ஆண் இரண்டையும் பெண்களிடமிருந்து பிரியுங்கள். மீதியுள்ள நான்கு பெண்களுமே சினையாக இருக்கலாம். அடுத்த 23 நாளும் ஒவ்வொன்றின் வயிற்றையும் பார்த்து, புடைத்ததைத் தனியே மாற்றுங்கள். நாலாவது பெண்ணை வெளியில் விடாதீர்கள், காக்கையும் நாயும் கிழிக்கும். மற்ற மூன்றோடு துணையாக இருக்கட்டும். ஆகஸ்ட் பாதியில் முதல் சேர்க்கை. அதற்கு முன் எலிப்பெட்டி பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, பிற்பகல் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது என்று பத்து நாள் குறித்து எனக்கு எழுதுங்கள்.